குடும்பப்பெயர் என்னும் கட்டாயம்: பெயரடைவுப் பதிலிகளும் ஊவாத் தோட்ட மக்களும்

ஒரு சமுதாயத்தை ஆளப் புறப்படும் எந்த அதிகாரமும் முதலிற் கையில் எடுப்பது இடாப்பினையே. யார், எவர் பிள்ளை, எங்கு வசிப்பவர், எவ்வினத்தவர் என்னும் வினாக்களுக்கு இடாப்பிலே எழுதப்படும் விடைகளிற்றான் வாக்கும் கூலியும் பங்கீடும் கல்வியும் பின்னர் தங்கி நிற்கின்றன. தாளில் எழுதப்பட்ட இடாப்பின் இடத்தைக் கணினியில் எழுதப்படும் பெயரடைவு இன்று பெற்றுவிட்டது. தாள் மாறியதேயன்றி அதன் அதிகாரம் மாறவில்லை. முன்னர் எழுதுவினைஞர் ஒருவரின் பேனா செய்த வேலையை இன்று எவர் கண்ணுக்கும் படாத ஓர் அட்டவணை நொடிப்பொழுதிற் செய்து முடிப்பதால், அவ்வதிகாரம் கேள்விக்கு அப்பாற்பட்டதொன்றாகவும் ஆகியுள்ளது.

அத்தகைய அட்டவணைகளுள் ஒன்றே பெயரடைவுப் பதிலிச் சேவையகங்களில் அமைக்கப்படும் பண்புப் படமாக்கல் அட்டவணை. இது கணினிப் பொறியியலாளரின் தனி விவகாரம், மொழி, சமூகம், அரசியல் ஆகியவற்றோடு இதற்குத் தொடர்பில்லை என ஒதுக்கிவிடும் போக்கு பல்கலைக்கழகங்களிலும் திணைக்களங்களிலும் வேரூன்றியுள்ளது. அப்போக்கு முற்றிலும் தவறானது. ஊவா மாகாணத்தின் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வரும் மாணவருக்கும் தொழிலாளருக்கும் அத்தவறு நாளாந்த இழப்பாக வந்து முடிகின்றது. அதனைத் தவிர்ப்பதற்குப் புதிய கருவியோ பெருஞ்செலவோ தேவையில்லை. தேவைப்படுவது அட்டவணையை எழுதுவோரின் மனமாற்றமேயாகும்.

பதிலி செய்வது என்ன?

பெயரடைவு என்பது ஆட்களைப் பற்றிய பதிவுகளின் தொகுதி. ஒவ்வொரு பதிவும் பல பண்புகளாலானது. ஒவ்வொரு பண்புக்கும் ஒரு பெயரும் ஒன்றோ பலவோ ஆன பெறுமானங்களும் உண்டு. எல்டாப் என்னும் நெறிமுறையின் வழியாக இப்பதிவுகள் தேடப்படுகின்றன. ஒரு பெரிய நிறுவனத்திலே இத்தகைய பெயரடைவு ஒன்று மட்டும் இருப்பதில்லை. அனுமதிப் பிரிவு ஒன்றை வைத்திருக்கும். தாபனப் பிரிவு வேறொன்றை வைத்திருக்கும். நூலகமும் விடுதியும் தத்தமக்கென வைத்திருக்கும். ஒன்றிலே ‘முழுப்பெயர்’ எனப்படுவது இன்னொன்றிலே ‘பெயர்’ எனப்படும். மூன்றாவதிலே அதுவே இரண்டாகப் பிளக்கப்பட்டுக் கிடக்கும்.

இவற்றுக்கும் இவற்றை நாடி வரும் பயன்பாடுகளுக்கும் இடையே நிற்பதே பதிலி. பயன்பாடு தனக்குத் தெரிந்த பண்புப் பெயரைச் சொல்லிக் கேட்கின்றது. பதிலி அதனைப் பின்னாலுள்ள பெயரடைவுக்குத் தெரிந்த பெயராக மாற்றி அனுப்புகின்றது. வந்த விடையை மீண்டும் கேட்டவர் மொழிக்கு மாற்றிக் கொடுக்கின்றது. இம்மாற்றம் மூன்று இடங்களில் நிகழவேண்டும்: தேடல் நிபந்தனையில், கேட்கப்படும் பண்புகளின் நிரலில், திரும்பி வரும் பதிவில். எழுதுவதற்கும் அனுமதி உண்டெனின் நான்காவதாக எழுதும் வழியிலும் நிகழவேண்டும். சன் நிறுவனம் உருவாக்கி, 2010 இல் ஒரக்கிள் நிறுவனத்தின் வசமான பெயரடைவுப் பதிலியும், திறந்த மூலமாகக் கிடைக்கும் ஓப்பன்எல்டாப் மென்பொருளின் மீளெழுதும் அடுக்கும் இவ்வேலையையே செய்கின்றன. பின்னையதிலே ஒரு வசதி உண்டு. அட்டவணையின் இறுதியில் ஓர் உடுக்குறியை இட்டுவிட்டால், அட்டவணையிற் பெயர் சொல்லப்படாத பண்புகள் யாவும் கைவிடப்படும். பின்னாலுள்ள பெயரடைவில் அவை பத்திரமாக இருந்தாலும், முன்னால் நிற்பவருக்கு அவை இல்லாதனவே.

ஆகவே பதிலி வெறும் மொழிபெயர்ப்பாளர் அன்று. எதனை எதற்குச் சமமாகக் கொள்வது, எதனைப் பிளப்பது, எதனை மறைப்பது என்பவற்றைத் தீர்மானிக்கும் வாயிற்காவலரும் அதுவே. அவ்வாயிலில் ஊவாத் தோட்டத்துப் பெயர் ஒன்று வந்து நிற்கும்போது என்ன நிகழ்கின்றது என்பதே இங்கு நோக்கற்பாலது.

கட்டாயத்தின் பிறப்பு

பெயரடைவுகளுக்கான எக்ஸ் 500 எனப்படும் சர்வதேச நியமம் 1988 இல் வெளியிடப்பட்டது. எல்டாப் அதன் இலகுவாக்கப்பட்ட வழித்தோன்றல். அம்மரபிலே ‘ஆள்’ என்னும் பதிவு வகைக்கு இரண்டு பண்புகள் கட்டாயமானவை. ஒன்று சி.என். எனச் சுருக்கி வழங்கும் பொதுப்பெயர், மற்றையது எஸ்.என். எனப்படும் குடும்பப்பெயர். பொதுப்பெயர் எவருக்கும் உண்டு. அதிற் சிக்கல் இல்லை. குடும்பப்பெயர் இல்லாத மனிதர் உலகில் இருக்கமுடியாது என்னும் துணிபுதான் சிக்கலுக்கு வித்திட்டது. அத்துணிபு ஐரோப்பியக் குடிப்பதிவு வரலாற்றின் விளைவு. அங்கே அரசுகளும் திருச்சபைகளும் பல நூற்றாண்டுகளாக மக்களைத் தந்தைவழிக் குடும்பப்பெயரின்கீழ் எழுதி வந்தன. ஒரு நிலப்பகுதியின் பழக்கம் மனித இயல்பாக உயர்த்தப்பட்டு, நியமமாக எழுதப்பட்டு, உலகெங்கும் ஏற்றுமதியாயிற்று.

தமிழருக்குக் குடும்பப்பெயர் இல்லை. தந்தை பெயர் உண்டு, தன் பெயர் உண்டு. தந்தை பெயர் முன்னும் தன் பெயர் பின்னுமாக எழுதுவது வழக்கம். எடுத்துக்காட்டாகப் பெரியசாமியின் மகன் இராமலிங்கம் எனக் கொள்வோம். அவர் பெயர் பெரியசாமி இராமலிங்கம். அவருடைய தங்கை பெரியசாமி செல்வராணி. அவருடைய மகன் இராமலிங்கம் சிவகுமார். இப்பெயர்கள் அட்டவணையின்முன் வந்தால் நிகழ்வது யாது?

அட்டவணை எழுதுவோர் கையாளும் விதிகள் இரண்டு. கடைசிச் சொல்லே குடும்பப்பெயர் என்பது முதல் விதி. சிங்கள மக்களின் பெயர்களுக்கு இது பெரும்பாலும் பொருந்தும். நீண்ட ‘கே’ பெயர் முதலெழுத்துக்களாகச் சுருங்கி, கடைசிச் சொல்லே அழைக்கும் பெயராக நிற்பது அங்கு வழக்கம். இதே விதியை இராமலிங்கத்துக்கு இட்டால், அவருடைய சொந்தப் பெயர் குடும்பப்பெயராகின்றது; தந்தை பெயர் அவருடைய பெயராகின்றது. பயன்பாடு அவரைப் ‘பெரியசாமி’ என விளித்துக் கடிதம் எழுதுகின்றது. செல்வராணியோ செல்வராணி என்னும் குடும்பத்தைச் சேர்ந்தவராகின்றார்; அண்ணனும் தங்கையும் கணினியின் கண்ணில் வேறு வேறு குடும்பத்தினர். முதற்சொல்லே குடும்பப்பெயர் என்பது இரண்டாவது விதி. அதன்படி அண்ணனும் தங்கையும் ஒன்றுபட்டாலும், தலைமுறைக்குத் தலைமுறை குடும்பப்பெயர் மாறுகின்றது. இராமலிங்கத்தின் மகன் தன் தந்தையின் குடும்பத்தைச் சேராதவனாகின்றான். செல்வராணி திருமணமாகிக் கணவர் பெயரை முன்னிட்டுக்கொண்டால், அவர் பழைய பதிவோடு பொருந்தாத புதிய ஆளாகின்றார்.

இரண்டு விதிகளும் பொய்யையே பதிகின்றன. ஒன்று குறைந்த பொய், மற்றொன்று கூடிய பொய் என்பதல்ல வேறுபாடு. எந்தப் பிரிவு எந்த விதியைக் கையாண்டது என்பதைப் பொறுத்து ஒரே மாணவர் இரு பெயரடைவுகளில் இரு மனிதராகின்றார் என்பதே பெருங்கேடு. பதிலி இவற்றை இணைக்க முற்படும்போது ஒன்று அவர் காணப்படார். அன்றேல் பிறிதொருவராகக் காணப்படுவார்.

எழுத்துக்களின் இழப்பு

பெயரின் வரிசையோடு தொல்லை முடிவதில்லை. தோட்டத்துப் பெயர்கள் கடந்து வந்த பாதை மூன்று எழுத்துமுறைகளினூடாகச் செல்வது. வீட்டிலே தமிழில் இடப்பட்ட பெயர், பதிவேட்டிலே பலவேளைகளிற் சிங்களத்தில் எழுதப்பட்டது; தோட்ட அலுவலகத்திலே ஆங்கிலத்தில் எழுதப்பட்டது; பின்னர் அவற்றுள் ஏதோவொன்றிலிருந்து மீண்டும் தமிழுக்குக் கொண்டுவரப்பட்டது. வடக்குக் கிழக்குக்கு வெளியே வாழ்ந்த தமிழருக்கு 2014 வரை வழங்கப்பட்ட தேசிய அடையாள அட்டைகள் சிங்களத்திலேயே எழுதப்பட்டிருந்தமை இவ்விடத்து நினைக்கத்தக்கது.

சிங்கள நெடுங்கணக்கிலே ழகரம் இல்லை. அது லகரமாகவோ ளகரமாகவோ எழுதப்படும். ரகரமும் றகரமும் அங்கே ஒன்று. தந்நகரமும் றன்னகரமும் ஒன்று. மலர்விழி சிங்களத்திற்குச் சென்று திரும்பும்போது ‘மலர்விலி’ ஆகின்றாள். முத்துக்கறுப்பன் ‘முத்துக்கருப்பன்’ ஆகின்றார். மறுதலையாக, தமிழில் ஒரே எழுத்தாக நிற்கும் ககரமும் பகரமும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் இவ்விரண்டாகப் பிரிய வேண்டியுள்ளன. எதனைத் தெரிவது என்பது எழுதுவினைஞரின் செவியைப் பொறுத்தது. உயர்தர வகுப்புக் கணிதம் பயின்ற எவரும் அறிவர்: பல மூலகங்கள் ஒரே விம்பத்தை அடையும் படமாக்கலுக்கு நேர்மாறு இல்லை. சென்ற வழியே திரும்பி வர இயலாது. ஆயின் நடைமுறையிலோ, திரும்பி வரலாம் என்னும் நம்பிக்கையிலேயே எழுத்துப்பெயர்ப்பு மென்பொருள்கள் பதிலியின் பின்னால் இணைக்கப்படுகின்றன. அவை தரும் ‘தமிழ்ப் பெயர்’ தமிழ்ப் பெயரே அன்று. தமிழ்ப் பெயரின் தேய்ந்த நிழல்.

இந்தத் தேய்வின் விலையைக் கொடுப்பவர் யார்? ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் 1958 இல் இயற்றப்பட்டது. ஒரு பெண் முப்பது ஆண்டுகள் கொழுந்து பறித்து ஓய்வு பெறுகின்றார். தோட்டத்து இடாப்பில் அவர் பெயர் ஒருவாறும், அடையாள அட்டையில் வேறொருவாறும் இருப்பின், தான் உழைத்துச் சேர்த்த பணத்தைப் பெற அவர் சத்தியக் கடதாசி முடிக்கவேண்டும். பதுளைக்கும் கொழும்புக்கும் அலையவேண்டும். பரீட்சைச் சான்றிதழில் ஒரு பெயரும் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் ஒரு பெயருமாகப் பல்கலைக்கழகம் வரும் அவருடைய பேத்திக்கும் அதே கதிதான். குற்றம் செய்தவர் எழுதியவர். நிரூபிக்கும் சுமை எழுதப்பட்டவர் மீது.

பேர் என்பதன் தோட்டத்துப் பொருள்

ஊவாத் தோட்டங்களிலே பெயர் எப்பொழுதும் பொருளாதாரப் பொருளாகவே இருந்து வந்துள்ளது. பசறை, லுணுகலை, மடுல்சீமை, ஹாலி-எல, தெமோதரை, அப்புத்தளை, பண்டாரவளை என விரியும் அம்மலைகளிலே ‘பேர்’ என்னும் சொல்லுக்கு ஒரு நாட்கூலி என்பதே பொருள். பிரட்டுக்களத்தில் நின்று, மலையேறி, நிறுத்த கொழுந்து போதுமெனின் செக்றோலில் ஒரு பேர் விழும். போதாதெனின் அரைப்பேர் விழும். ஒரு மனிதரின் பெயரைப் பாதியாக வெட்ட முடியும் என்று உலகுக்குக் காட்டியது தோட்டத்து இடாப்பு. அதற்கு முன்னரே, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்டோரின் கழுத்திலே தகரத்துண்டு தொங்கிற்று. தோட்டத்தின் இலக்கமும் ஆளின் இலக்கமும் அதிற் பொறிக்கப்பட்டிருந்தன. பெயருக்குத் தேவை இருக்கவில்லை. ஆள் எத்தோட்டத்துக்குரிய சரக்கு என்பதே தேவைப்பட்டது.

பின்னர் அரசின் இடாப்புகள் வந்தன. 1911 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீடு ‘இலங்கைத் தமிழர்’, ‘இந்தியத் தமிழர்’ என இரு பெறுமானங்களைத் தனித்தனியே எழுதிற்று. அப்பொழுது அது புள்ளிவிவரக் கட்டம் ஒன்றுதான். சுதந்திரத்தின் பின்னர் அக்கட்டத்தின்மீதே சட்டம் கட்டப்பட்டது. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் தந்தையின் பிறப்பையும் பாட்டனின் பிறப்பையும் ஆவணத்தால் நிரூபிக்கும்படி கேட்டது. பிறப்புப் பதிவு ஒழுங்காக நடைபெறாத தோட்டங்களிலே பிறந்தோரிடம் அது இல்லாத ஆவணத்தைக் கேட்டது. 1949 இல் வாக்குரிமையும் போயிற்று. 1964 இல் செய்யப்பட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது; எஞ்சிய 1,50,000 பேரை 1974 ஆம் ஆண்டின் ஒப்பந்தம் இரு நாடுகளுக்கும் சரிபாதியாகப் பிரித்தது. ஒரே லயத்துக் காம்பராவிலே தாய்க்கு ஒரு நாடும் மகனுக்கு ஒரு நாடுமாக விழுந்தது. நாடற்றோர் எனப்பட்டோரில் எஞ்சியவருக்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003 இல் தான் நிறைவேறிற்று. ஐம்பத்தைந்து ஆண்டுகள்! ஒரு பண்பின் பெறுமானம் தவறாக எழுதப்பட்டமையின் வயது அது.

தேசிய அடையாள அட்டையின் வரலாறும் இதற்குத் துணைச்சான்று. 1968 ஆம் ஆண்டின் 32 ஆம் இலக்க ஆட்பதிவுச் சட்டத்தின் வழியாக 1972 முதல் அது வழங்கப்பட்டது. ஒன்பது இலக்கங்களின் இறுதியில் ‘வி’ அல்லது ‘எக்ஸ்’ என ஓரெழுத்து நின்றது. வாக்குரிமைத் தகுதி உண்டா இல்லையா என்பதை அது காட்டிற்று. 2016 இல் அட்டை பன்னிரண்டு இலக்கங்களுக்கு மாறியபோது அவ்வெழுத்து நீங்கிற்று. எழுதியவரால் நீக்கவும் முடியும் என்பதே இதன் பாடம். கட்டாயமென்று சொல்லப்படுவன யாவும் ஒருநாள் எவரோ எடுத்த தீர்மானங்களே.

முகவரி இல்லாதோர்

பெயருக்கு அடுத்தாற்போல் நிற்கும் பண்பு முகவரி. நியமம் வீதியையும் இலக்கத்தையும் அஞ்சற் குறியீட்டையும் எதிர்பார்க்கின்றது. லயத்திலே வீதியில்லை, பெரும்பாலும் வீட்டிலக்கமும் இல்லை. தோட்டத்தின் பெயர், பிரிவின் பெயர், லயத்தின் இலக்கம் என்பனவே உள. கடிதங்கள் தோட்ட அலுவலகத்துக்கு வந்து, அங்கிருந்து கைமாறி வரும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. அட்டவணையிலே முகவரிக்கு ‘தோட்டம்’ என்னும் ஒற்றைச் சொல் படமாக்கப்படும்போது, ஒரு தோட்டத்தின் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் ஒரே முகவரியில் வந்து குவிகின்றன. அடையாள அட்டை விண்ணப்பத்தை ஏனையோருக்குக் கிராம உத்தியோகத்தர் உறுதிப்படுத்துவார். தோட்டத்தவருக்குத் தோட்ட அத்தியட்சர் உறுதிப்படுத்தும் முறை இருந்தது. ஒருவர் யார் என்பதற்கு அவருடைய முதலாளியே சாட்சி!

2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடிற்று. முதல் நாட்களில் காணாமற் போனோர் தொகை நூற்றுக்கணக்கில் சொல்லப்பட்டது. பின்னர் அது குறைந்துகொண்டே வந்து நாற்பதுக்கும் கீழே நின்றது. பேரிடரின் குழப்பத்தில் எண்கள் அலைவது எங்கும் உள்ளதே. ஆயின் செக்றோலில் தொழிலாளர் மட்டுமே உளர். வாக்காளர் இடாப்பில் வயது வந்தோர் மட்டுமே உளர். பாடசாலை இடாப்பில் மாணவர் மட்டுமே உளர். ஓய்வு பெற்ற கிழவியும் கைக்குழந்தையும் கொழும்பில் வேலை செய்யும் மகனும் எதில் உளர்? மூன்று இடாப்புகளையும் ஒரே ஆளோடு பொருத்திக் காட்டும் நம்பகமான படமாக்கல் இல்லாத இடத்திலே மண்ணுக்கடியில் இருப்பவர் யாரென்று எண்ணுவதும் இயலாதாகின்றது. தோட்டங்கள் 1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் அரசின் கைக்கு வந்தன. 1992 இல் அவற்றின் முகாமை கம்பனிகளிடம் சென்றது. கைமாறியோர் மண்ணையும் மரத்தையும் கணக்கிட்டுப் பெற்றுக்கொண்டனர். மனிதரின் பதிவுகள்மீது அதே அக்கறை காட்டப்பட்டிருப்பின் இந்நிலை வந்திராது.

எழுப்பப்படும் மறுப்புகள்

இவ்வாதத்துக்கு எதிராகக் கூறப்படுவன நான்கு.

ஒன்று: பெயர் எப்படியிருந்தால் என்ன, தனித்துவ இலக்கம் ஒன்று போதும் என்பது. இந்தியாவின் நிதியுதவியோடு இலங்கையில் அமைக்கப்படும் தனித்துவ டிஜிட்டல் அடையாளத் திட்டத்தின் புரிந்துணர்வு உடன்படிக்கை 2022 இல் கைச்சாத்தான பின்னர் இவ்வாதம் வலுப்பெற்றுள்ளது. இலக்கம் பதிவுகளைப் பிணைக்கும் என்பது உண்மை. ஆனால் பிணைக்கப்படும் பதிவுகளிலுள்ள பொய்யை அது மெய்யாக்காது. பொய்யை எங்கும் ஒரே சீராகப் பரப்பும். சான்றிதழில் அச்சாவதும், விரிவுரை மண்டபத்தில் அழைக்கப்படுவதும், கடவுச்சீட்டில் எழுதப்படுவதும் பெயரேயன்றி இலக்கமன்று. இலக்கமே போதுமெனின் தகரத்துண்டும் போதுமானதாகவே இருந்தது.

இரண்டு: நியமத்துக்கேற்ப மக்கள் தம் பெயரை மாற்றிக்கொள்ளட்டும் என்பது. செருப்புக்கேற்பக் காலை வெட்டும் நியாயம் இது. கருவி மனிதருக்காக ஆக்கப்பட்டது. மேலும், தம் பெயரை மாற்றவேண்டியவர் என்றும் தோட்டத்தவராகவே இருப்பதன் காரணம் யாது என்பதற்கு இவ்வாதக்காரரிடம் விடையில்லை.

மூன்று: நியமம் இடந்தராது என்பது. இது அறியாமை. எஸ்.என். பண்பைக் கட்டாயமாக்கும் விதியை மைக்ரோசொப்டின் அக்டிவ் டைரக்டரி பின்பற்றவில்லை. அங்கே குடும்பப்பெயர் விருப்பத்துக்குரியதே. ஒரு பெருங்கம்பனி தன் வசதிக்காகத் தளர்த்திய விதியை, மக்களின் உண்மைக்காகத் தளர்த்த முடியாதென்பது எவ்வாறு? நியமத்துக்கு உள்ளேயே நின்றாலும் வழியுண்டு. ஒரு பண்பின் பெறுமானத்தைப் பல மொழிகளில் மொழிக்குறியோடு எழுதும் முறை 2004 இலேயே வரையறுக்கப்பட்டுவிட்டது. 1997 ஆம் ஆண்டின் எல்டாப் மூன்றாம் பதிப்பு முதல் பெறுமானங்கள் யுனிகோட்டிலேயே எழுதப்படுகின்றன. யுனிகோட்டில் தமிழ் 1991 முதலே உண்டு. கருவி எப்பொழுதோ தயாராகிவிட்டது. பயன்படுத்தும் மனமே தயாராகவில்லை.

நான்கு: சிறுபான்மையோர் சிலருக்காக அமைப்பைச் சிக்கலாக்குவதா என்பது. பதுளை மாவட்டத்தின் சில பிரதேச செயலாளர் பிரிவுகள் 1999 இல் இருமொழிப் பிரிவுகளாகப் பிரகடனம் செய்யப்பட்டன. அரசியலமைப்பின் 1987 ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி தமிழும் அரசகரும மொழியே. ஓர் அரசகரும மொழியின் பெயரமைப்பைத் தாங்காத அட்டவணை, சிக்கல் குறைந்த அட்டவணை அன்று; சட்டத்துக்குப் புறம்பான அட்டவணை.

செய்யவேண்டுவன

மறுத்துரைப்பதோடு நில்லாமல் ஆக்கவழியும் கூறப்படவேண்டும். பதுளையிலே 2005 இல் நிறுவப்பட்ட ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் போன்று தோட்டப் பகுதிகளின் நடுவே நிற்கும் நிறுவனங்கள் இதற்கு முன்மாதிரியாக அமையலாம்.

முதலாவதாக, முழுப்பெயர் பிளக்கப்படாமல் சி.என். பண்பிலே அப்படியே நிற்கவேண்டும். பயன்பாடுகள் காட்டும் பெயர் அதற்கென உள்ள காட்சிப்பெயர்ப் பண்பிலிருந்தே வரவேண்டும். அப்பண்பின் பெறுமானத்தை உரியவரே எழுதவேண்டும். குடும்பப்பெயர் கட்டாயமெனின் அங்கும் முழுப்பெயரே இடப்படலாம். ஆனால் அதனைக் கொண்டு எவரையும் விளிப்பதோ வரிசைப்படுத்துவதோ உறவு ஊகிப்பதோ கூடாது.

இரண்டாவதாக, தமிழ்ப் பெயர் தமிழிலேயே மூலப்பதிவாகச் சேகரிக்கப்பட்டு, தமிழுக்குரிய மொழிக்குறியோடு சேமிக்கப்படவேண்டும். சிங்களத்திலிருந்தோ ஆங்கிலத்திலிருந்தோ அதனை ஆக்கிக்கொள்ளும் மென்பொருள் பதிலிக்குப் பின்னால் இருக்கலாகாது. நேர்மாறில்லாத படமாக்கலைத் தேடலுக்கு மட்டும் பயன்படுத்தலாம். எழுதுவதற்கு ஒருபோதும் ஆகாது. பழைய ஆவணங்களின் எழுத்து வேறுபாடுகள் மாற்றுப்பெயர்களாக அதே பதிவில் அடுக்கப்பட்டால், ‘முத்துக்கருப்பன்’ எனத் தேடுபவருக்கும் முத்துக்கறுப்பன் அகப்படுவார். சத்தியக் கடதாசிகளிற் பெரும்பகுதி தேவையற்றுப் போகும்.

மூன்றாவதாக, முகவரிப் பண்பு தோட்டம், பிரிவு, லயம், காம்பரா எனப் பகுக்கப்பட்டு முழுமையாகக் கடத்தப்படவேண்டும். நான்காவதாக, அட்டவணையிலில்லாத பண்புகளைச் சத்தமின்றிக் கைவிடும் உடுக்குறி வழக்கத்துக்கு முன்னர், எவை கைவிடப்படுகின்றன என்பது எழுதி ஒப்புதல் பெறப்படவேண்டும். மறைக்கவேண்டியனவும் உண்டு: இனம் என்னும் பண்பு நூலகத்துக்கும் விடுதிக்கும் எதற்கு? அது வாயிலைக் கடக்கவே கூடாது. வரலாறு இம்மக்களுக்கு அதனை நன்றாகவே கற்பித்துள்ளது.

ஐந்தாவதாக, அட்டவணை பகிரங்கமாக வேண்டும். எப்பண்பு எப்பண்பாக மாற்றப்படுகின்றது என்பதை ஒரு தாளில் எழுதி மாணவர் முன் வைக்க எந்த நிறுவனத்தாலும் முடியும். அமைப்பு இயங்கத் தொடங்குமுன், பெயர் முன்பின்னாக நிற்பவர், ஒற்றைப் பெயர் மட்டும் உடையவர், மணமாகிப் பெயர் மாறியவர், தந்தை பெயர் எழுதப்படாதவர் ஆகியோரின் மாதிரிப் பதிவுகளால் அது சோதிக்கப்படவேண்டும். தவறெனக் கண்டால் திருத்தக் கோரும் உரிமை உரியவருக்கும், தவறில்லையென நிரூபிக்கும் சுமை நிறுவனத்துக்கும் இருக்கவேண்டும். இதுகாறும் நிலவிய சுமையின் திசையை மாற்றுவதே இச்சீர்திருத்தங்களின் சாரம்.

இவற்றுள் எதுவும் பெருஞ்செலவு கோருவதன்று; ஓர் அமைப்புக் கோப்பில் சில வரிகள், ஒரு விண்ணப்பப் படிவத்தில் இரண்டு கட்டங்கள், அவ்வளவே. ஆயினும் அவ்வரிகளை எழுதும் கை எவருடையது என்பது சிறிய வினா அன்று. தகரத்துண்டைப் பொறித்த கையும், செக்றோலில் அரைப்பேர் இட்ட கையும், ‘இந்தியர்’ எனக் கட்டத்தை நிரப்பிய கையும் தத்தம் காலத்திலே வெறும் எழுத்துவேலை செய்வதாகவே நினைத்திருக்கும். கணினி பயிலும் தமிழ் மாணவர் அந்த நினைப்புக்கு வாரிசாகக் கூடாது. மொழியறிந்தோரும் சமூகவியல் பயின்றோரும் பொறியியலாளரோடு ஒரே மேசையில் அமர்ந்து அட்டவணையை வரி வரியாகப் படிக்கும் நாளிலேதான், மலையகத் தமிழர் தம் சொந்தப் பெயரோடு அரசின் கதவையும் கல்வியின் கதவையும் கடந்து செல்வர். அந்நாளை விரைவுபடுத்துவது தமிழ்ச் சங்கங்களின் கடமைகளுள் தலையாயது.